மாதவிலக்குக்கு முந்தின வாரம்: மாத்திரைக்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வட்டி என்று எல்லாம் பேசுகிறோம். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து தைரியமாகக் கேள்வி கேட்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் இருக்கிற அக்கா காதில் குசுகுசுவென்றுதான் சொல்கிறோம்.

"தூரம் வரப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்கு ஒடம்பு சரியில்லாம போயிடுதுக்கா. யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழறேன். மார்பு கனக்குது. தறியில உட்கார்ந்தா இடுப்பு விட்டுப் போகுது."

சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. அடுத்து வருவது என்ன? "மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்" என்பதுதான். பட்டுத் தறி வேலை சேலைக் கணக்குக் கூலி. தறி நின்றால் கூலி நின்றது. எரிச்சலில் கை தடுமாறி இழை அறுந்தாலோ, பார்டரில் தப்பு விழுந்தாலோ அதுவும் கூலியில்தான் கழியும். அதனால்தான் மாத்திரையைத் தேடுகிறோம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த மாத்திரை என்ன மாத்திரை, நம்முடைய தொல்லைக்கு அது மருந்துதானா, மாத்திரை இல்லாமல் செய்யக்கூடியது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன தொல்லை?

மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே சில பெண்களுக்கு உடம்பிலும் மனதிலும் மாறுதல்கள் தெரியும். மாதவிலக்கு ஆரம்பித்து மூன்று நான்கு நாட்களுக்குள் அவை தானாகவே அடங்கிவிடும். இதை மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைகள் என்று சொல்கிறோம்.

உடம்பில்: மார்பு கனம், வயிறு உப்புசம், கை கால் லேசாக வீங்குவது, தலைவலி, இடுப்பு வலி, முகப்பரு, அசதி.

மனதில்: எரிச்சல், காரணம் இல்லாத அழுகை, படபடப்பு, தூக்கம் கெடுவது, இனிப்பும் காரமும் தின்னத் தோன்றுவது, எதிலும் கவனம் நிற்காமல் போவது.

மாதவிலக்கு ஆன பிறகு, முதல் இரண்டு நாள் வரும் அடிவயிற்று வலி வேறு. கர்ப்பப்பை சுருங்கி விரிவதால் வருவது அது. நாம் இரண்டையும் ஒன்றாகவே "அந்த வலி" என்று சொல்லிவிடுகிறோம். வயிற்று வலிக்கான மாத்திரை ஒரு வாரம் முன்னால் வரும் எரிச்சலுக்கும் அழுகைக்கும் மருந்து ஆகாது என்பதை நினைவில் வையுங்கள்.

இது இன்று நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. 1931ல் நியூயார்க்கில் ராபர்ட் பிராங்க் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1953ல் இங்கிலாந்தில் கேத்தரினா டால்டன் என்ற பெண் மருத்துவரும் ரேமண்ட் கிரீன் என்பவரும் விரிவாக எழுதினார்கள். மாதாமாதம் தனக்கு வரும் ஒற்றைத் தலைவலி கர்ப்பமாக இருந்தபோது வராததைக் கவனித்துத்தான் டால்டன் இதில் இறங்கினார். அவர் செய்த முக்கியமான காரியம் என்ன தெரியுமா? தன்னிடம் வந்த பெண்களை நாள் வாரியாகக் குறித்து வைக்கச் சொன்னது! நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

ஏன் வருகிறது?

அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு கருமுட்டை வெளியாகிறது. அதன் பிறகு புரோஜெஸ்ட்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற இரண்டு ஹார்மோன்களும் ஏறி, கரு தங்காவிட்டால் கடைசி நாட்களில் இறங்குகின்றன. இந்த ஏற்ற இறக்கம் மூளையில் மனநிலையைச் சமன் செய்யும் செரட்டோனின் என்ற பொருளையும் தொடுகிறது.

"எனக்கு மட்டும் ஹார்மோன் ஜாஸ்தியா?" என்று கேட்கலாம். இல்லை. தொல்லை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஹார்மோன் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். சிலருடைய மூளை அந்த மாறுதலை அதிகமாக உணர்கிறது, அவ்வளவுதான். அதனால் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. "ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்று ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் முன் இதை யோசியுங்கள். வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் பரிசோதனை எழுதினால் அது வேறு விஷயம்.

இது கொழுப்பும் இல்லை, பேயும் இல்லை, குணக்கேடும் இல்லை. உடம்பின் நடப்பு.

காலண்டர்தான் பரிசோதனை

தினசரித் தாள் காலண்டர் வேண்டாம், தினமும் கிழித்துவிடுவோம். நகைக்கடை, ஜவுளிக்கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் போதும். வீட்டில் மற்றவர்கள் பார்ப்பது சங்கடமாக இருந்தால் உங்கள் கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பேனா, ஒரு நிமிடம், இரண்டு மாதம். இவ்வளவுதான் செலவு.

1. மாதவிலக்கு ஆன நாட்களை வட்டமிடுங்கள்.

2. தினமும் இரவு படுக்கும் முன் அன்று என்ன தொல்லை என்று ஒரு எழுத்துப் போடுங்கள். எரிச்சலுக்கு எ, அழுகைக்கு அ, மார்பு வலிக்கு மா, உப்புசத்துக்கு உ, தலைவலிக்கு த, தூக்கம் கெட்டால் தூ.

3. பக்கத்தில் எண் போடுங்கள். லேசாக இருந்தால் 1, வேலையைத் தடுத்தால் 2, எழுந்திருக்கவே முடியாவிட்டால் 3. ஒன்றும் இல்லாத நாளில் 0 போட மறக்காதீர்கள். அந்த 0தான் மிக முக்கியம்.

இரண்டு மாதம் ஆனதும் காலண்டரைக் கையில் வைத்துப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கும்.

முதல் விதம்: வட்டத்துக்கு முந்தின ஒரு வாரம் பத்து நாளில் மட்டும் எழுத்துகள். மற்ற நாளெல்லாம் 0. இது மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைதான். கீழே சொல்லியிருப்பதைச் செய்து பாருங்கள்.

இரண்டாவது விதம்: மாதம் முழுவதும் எழுத்துகள், அந்த வாரத்தில் மட்டும் எண் ஏறுகிறது. அப்படியென்றால் அடியில் வேறொன்று இருக்கிறது. ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அதாவது நம் குழுவில் 12 பேர் இருந்தால் ஆறு பேருக்காவது இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம்.

மூன்றாவது விதம்: எழுத்துகளுக்கும் வட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கி வீட்டுக்காரர் குடித்துவிட்டு வரும் நாளில் எல்லாம் எ, அ, தூ என்று இருக்கிறதா? அப்படியானால் அது உங்கள் உடம்பின் தொல்லை இல்லை சகோதரி. வீட்டின் தொல்லை. அதற்கு மாத்திரையும் கிடையாது, கேழ்வரகும் கிடையாது. குழுவில் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

நாம் நியாயமாகக் கோபப்பட்டால்கூட "அவளுக்கு அந்த நாளு, அதான் கத்துறா" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற வழக்கம் இருக்கிறது. காலண்டர் கையில் இருந்தால் எது உடம்பு, எது வாழ்க்கை என்று நமக்கே தெரியும். மற்றவர் சொல்ல வேண்டியதில்லை.

கடை மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை

2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டில் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். அத்தனை பேரும் மாதவிலக்கு வலிக்கு வேலை இடத்திலேயே பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரை கொடுத்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் மருத்துவர் கொடுக்கவில்லை, மேற்பார்வையாளர் போன்றவர்கள்தான் கொடுத்தார்கள். உற்பத்தி நிற்கக் கூடாதே! பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரிலும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் நிறைய. பெயர் இல்லாத மாத்திரையை வாயில் போடாதே என்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

தறிக்காரர்களுக்கு மேற்பார்வையாளர் கிடையாது. நாமே நமக்கு மேற்பார்வையாளராக இருந்து மாத்திரை வாங்கிப் போடுகிறோம்!

மாதவிலக்கு வலிக்குக் கடையில் அதிகம் விற்கும் மாத்திரைகளில் மெஃபனமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. இது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மருந்து. 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சிலருக்கு இதனால் காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்து உள்ளுறுப்புகள் வரை பாதிக்கும் ஒவ்வாமை ஏற்படலாம் என்பதுதான் அது. இது அரிதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்ட பின் தடிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். பொதுவாகவே இப்படிப்பட்ட வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண் வரலாம். அடிக்கடி போட்டால் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

இன்னொன்று. ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கோ, பௌர்ணமிக்குக் கிரிவலத்துக்கோ போக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குகிறோம். அதுவும் ஹார்மோன் மருந்துதான். அதனாலேயே மார்பு கனமும் உப்புசமும் எரிச்சலும் வரலாம். ரத்தம் உறையும் நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம்?

நடை: "நாள் பூரா தறி மிதிக்கிறோமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கும்போது காலும் கையும் ஓடினாலும் இடுப்பு மடங்கியே இருக்கிறது. காலையிலோ மாலையிலோ அரை மணி நேரம் கை வீசி வேகமாக நடங்கள். அந்த வாரம் மட்டும் நடந்தால் பலன் குறைவு. மாதம் முழுவதும் வாரத்தில் ஐந்து நாளாவது நடக்க வேண்டும். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் பேச்சுத் துணையும் ஆச்சு.

தறியில்: மணிக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்து இடுப்பை நிமிர்த்துங்கள், நாலு எட்டு நடங்கள். எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். இடுப்பு வலிக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் நல்லது. மார்பு கனத்தால் சரியான அளவுள்ள, இறுக்காத உள்ளாடை போடுங்கள்.

சுண்ணாம்புச் சத்து: 1998ல் அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் தொல்லைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே இது மந்திரம் இல்லை, ஆனால் உதவுகிறது. நம் நாட்டுப் பெண்ணுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. 200 மில்லி பாலில் 200க்கு மேல். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, நெத்திலிக் கருவாடு இவற்றிலும் நிறைய. காலையில் வெறும் டீக்குப் பதிலாக மோர் விட்ட கேழ்வரகுக் கூழ் குடித்தால் கணக்கில் ஒரு நல்ல பங்கு சேர்ந்துவிடும்.

உப்பும் டீயும்: உப்புசம் வரும் வாரத்தில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் குறையுங்கள். மேலே கருவாடு நல்லது என்றேன், அது மற்ற மூன்று வாரத்துக்கு! தறி வேலையில் நாலு டீ, அஞ்சு டீ உள்ளே போகிறது. மதியத்துக்கு மேல் டீ, காப்பி குடித்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் இரட்டிப்பு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது.

வயிறு காயக் கூடாது: "இன்னும் ரெண்டு முழம் நெய்துட்டு சாப்பிடலாம்" என்று பசியைத் தள்ளிப்போடுவது அந்த வாரத்தில் கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம் என்று சாப்பிடுங்கள். உளுந்தங்களி, வெந்தயம் எல்லாம் சாப்பாடாக நல்லவை. ஆனால் இந்தத் தொல்லைக்கு மருந்து என்று லேகியம் விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மூச்சு: எரிச்சல் ஏறும்போது நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்து தடவை. பிள்ளை முதுகில் அடி விழாமல் தப்பிக்கும்.

வேலையைக் காலண்டரோடு சேர்த்துப் போடுங்கள்

பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு என்று 1992லேயே உத்தரவு போட்டது. நமக்கு யார் லீவு தருவார்கள்? நாமேதான் வேலையை மாற்றிப் போட வேண்டும். கண்ணை உறுத்தும் வேலை, பாவு பிணைப்பது, நுணுக்கமான ஜரிகைப் புட்டா இவற்றை முடிந்தவரை நல்ல வாரங்களில் வையுங்கள். தொல்லை வாரத்தில் தார் சுற்றுவது, வெறும் உடல் நெய்வது என்று இருக்கட்டும். எப்போதும் முடியாது, முதலாளி கேட்கும் தேதிக்குச் சேலை கொடுத்தாக வேண்டும் என்பது தெரியும். ஆனால் தேதி முன்கூட்டியே தெரிந்தால், "இந்த நாலு நாளு நீ தார் போடு, நான் சமையலைக் குறைச்சுக்கறேன்" என்று மாமியாரிடமோ மகளிடமோ பேசி வைக்கலாம். வீட்டுக்காரரிடமும் தொல்லை இல்லாத ஒரு நாளில், காலண்டரைக் காட்டியே சொல்லுங்கள். சண்டை நடுவே சொன்னால் எடுபடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மருந்தே கூடாது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. நூறு பேரில் 3 முதல் 8 பேருக்கு இந்தத் தொல்லை மிகக் கடுமையாக வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் இதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மருத்துவர் எழுதித் தருகிற மருந்தை வெட்கப்படாமல் சாப்பிடுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, வலிப்பு இவற்றுக்குச் சாப்பிடும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் போங்கள்:

* காலண்டரில் 3 என்ற எண் மாதாமாதம் வருகிறது. மூன்று மாதம் முயன்றும் குறையவில்லை.
* சாகலாம் போல் எண்ணம் வருகிறது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.
* ஏழு நாளுக்கு மேல் உதிரப்போக்கு, அல்லது ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிறது.
* நடுவில் உதிரம் படுகிறது, அல்லது வாந்தி, மயக்கத்தோடு வலி வருகிறது.
* நாள் தள்ளிப்போகிறது. அது கர்ப்பமாகவும் இருக்கலாம், முதலில் பரிசோதியுங்கள்.
* 40 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிறது.

போகும்போது காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஆரணி அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். "என்னமோ பண்ணுதுங்க டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும். மருத்துவருக்கும் அவசரம், வரிசையும் நீளம். இரண்டு மாதக் கணக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

குழுவில் செய்ய வேண்டியது

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் இந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்கு எழுத்துக்குப் பதில் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுங்கள். வயதுக்கு வந்த மகளுக்கும் ஒரு காலண்டர் வாங்கிக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பத்து நிமிடம் ஒதுக்கி, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் தங்கள் காலண்டரைப் பற்றிப் பேசட்டும். யாரையும் வற்புறுத்த வேண்டாம். கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடு இருக்கட்டும்.

ஐந்து ரூபாய் வட்டிக்கும் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் நாம். நம் உடம்புக்கும் ஒரு கணக்கு எழுதுவோமே! இன்று இரவு படுக்கும் முன் முதல் எழுத்தைப் போட்டுவிடுங்கள்.